தையல் பிரித்த பிறகு

சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு முதல் தொல்லை உடையில் ஆரம்பிக்கிறது. உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தழும்பின்மேல் வந்து உட்காரும். வியர்த்தால் அரிக்கும், சொறிந்தால் எரியும். நைட்டிக்கு மாறி, மாதக்கணக்கில் அதிலேயே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். தும்மல் வந்தால் கை தானாக அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இரவில் குழந்தை அழுதால் சட்டென்று எழ முடியாது. ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழ வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 64 சதவீதம். இந்தத் தழும்பு இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்குமா என்பதே சந்தேகம்.

வெளியே தெரிவது அரைச்சாண் கோடுதான். உள்ளே தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்றுச் சவ்வு, கருப்பை என ஒவ்வோர் அடுக்காகத் திறந்து, பிறகு மூடியிருக்கிறார்கள். தோலுக்கு உணர்வு தரும் சிறு நரம்புகளும் அதில் அறுபடுவதுண்டு. அதனால்தான் குளிக்கும்போது சோப்பு போட்டால் அந்த இடம் மட்டும் மரத்துக் கிடக்கிறது. பலருக்கு மாதங்களில் உணர்வு திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. சிலருக்குத் தழும்பு தடித்துக் கீலாய்டாகும். தழும்பு உள்ளே ஒட்டி இழுக்க, அதற்குமேல் வயிறு மடிந்து தொங்கும். உடற்பயிற்சி செய்தும் அந்த மடிப்பு போகவில்லையே என்று கண்ணாடி முன் நின்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணுக்கு, அது தன் சோம்பலால் வந்ததில்லை என்று யாரும் சொல்வதில்லை.

போதாக்குறைக்கு நம் பேச்சு. குழந்தை பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வியே, “சுகப்பிரசவமா, ஆபரேஷனா?” ஆபரேஷன் என்றதும், “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க வலி தாங்க முடியுது?” என்று ஒரு பெருமூச்சு. வயிறு கிழிபட்டுப் பெற்றவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். கணவன் எதிரில்கூடத் தழும்பை மறைத்துக்கொள்ளும் கூச்சத்தில் இந்தப் பேச்சுக்கும் பங்குண்டு.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017 செப்டம்பரில் சிசேரியனில் மகள் பிறந்தாள். அடுத்து நுரையீரலில் ரத்தக்கட்டி. அதனால் வந்த கடும் இருமலில் தையல் பிரிந்து, மறுபடி அறுவை சிகிச்சை. ரத்தக்கட்டியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவரேதான் வற்புறுத்த வேண்டியிருந்தது. உலகமறிந்த வீராங்கனைக்கே அந்த நிலை என்றால், “எல்லாருக்கும் இப்படித்தான், போகப் போகச் சரியாகும்” என்ற பதிலோடு வாயடைத்துப்போகும் நம் வீட்டுப் பெண்ணை என்ன சொல்வது?

எல்லாம் போகப் போகச் சரியாகாது. தழும்பு சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நாட்களில் தழும்பருகே கட்டிபோல வீங்கி வலித்தாலும், இருமும்போது அந்த இடம் புடைத்தாலும் காட்டியாக வேண்டும். தடித்த தழும்புக்கு சிலிகோன் ஜெல் உண்டு. நன்றாக ஆறியபின், மருத்துவர் சொன்னபடி தழும்பை மெல்ல நீவிவிட்டால் இறுக்கம் தளரும். தளர்ந்த வயிற்றுத் தசைகளுக்குப் பிசியோதெரபியும் இருக்கிறது.

குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசித் தேதியை வீட்டில் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறோம். அன்றைக்குத் தாயின் தழும்பையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். கூடப் போகும் கணவரே, மாமியாரே, அவள் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள்.