ஓர் உறையில் இரண்டு வாள் வேண்டாம்

சம்பள நாள் மாலையில் மலையகத்துக் கடைக்காரனுக்கு ஒரு நிமிடமும் பெறுமதியானது. வட்டவளையில் எனது கடையும் அப்படித்தான். அன்று கல்லா முன்னால் பத்துப் பேர். வெளியே வழக்கமான மழை. ஒரு வாடிக்கையாளர் கியூஆர் முறையில் பணம் செலுத்தக் கையடக்கத் தொலைபேசியை நீட்டினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்குள் தொலைபேசி சிக்னல் இல்லை, எங்கள் வைபையும் அந்த மூலைக்கு எட்டவில்லை. ஐந்து நிமிடம் நின்றார். பிறகு கட்டி வைத்த சாமான்களை விட்டுவிட்டு, “நாளைக்கு வாறேன்” என்று போனார். மறுநாள் அவர் வரவில்லை.

எனது கடை பழைய கருங்கல் கட்டடம். முன்னால் கடை, பின்னால் களஞ்சியம், மேலே வீடு. இணைய நிறுவனத்தின் ஆள், தன் வயர் எங்கே வந்து முடிந்ததோ அங்கேயே ரௌட்டரைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். அது மேல்மாடியின் ஒரு மூலை. கருங்கல் சுவரை வைபை அலை இலகுவில் கடக்காது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சற்று ஊடுருவும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும்.

இதற்கு மருந்து ‘மெஷ்’ என்றார்கள். 2016ஆம் ஆண்டளவில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த முறை இது. இரண்டு மூன்று பெட்டிகளை ஆங்காங்கே வைத்தால், எல்லாம் ஒரே பெயரில் ஒரே வைபையாக வேலை செய்யும். நானும் மூன்று பெட்டி வாங்கினேன். “செருகினால் போதும்” என்றார் விற்றவர். செருகினேன். வைபை மூலை முடுக்கெல்லாம் வந்தது. ஆனால் பில் அடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. கமெராவை வெளியூரில் இருந்து பார்க்கவும் முடியவில்லை.

ஹட்டனில் இருந்து வந்த தம்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “முதலாளி, ஒரு கடைக்கு ரெண்டு கணக்கப்பிள்ளை வச்சிருக்கீங்க” என்றார்.

விடயம் இதுதான். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ரௌட்டரின் வேலை. நிறுவனத்தின் ரௌட்டர் ஒரு பக்கம் முகவரி கொடுக்கிறது, மெஷ் பெட்டியும் தன்னை ரௌட்டர் என்று எண்ணி இன்னொரு பக்கம் கொடுக்கிறது. கடைக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உருவாகிவிடுகின்றன. கணினி பழைய ரௌட்டரில் வயரில் இருந்தது, பிரிண்டர் புதிய வைபைக்குப் போய்விட்டது. கணினி அழைத்தால் பிரிண்டருக்குக் கேட்கவில்லை.

தீர்வு பத்து நிமிட வேலை. மெஷ்ஷின் செயலியில் ‘அக்ஸஸ் பொயின்ட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தெரிவு செய்தால் மெஷ் முகவரி கொடுப்பதை நிறுத்தி, அலையைப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும். பிறகு நிறுவன ரௌட்டரின் வைபையை மட்டும் அணைத்துவிட வேண்டும். ரௌட்டரையே கழற்றி வீசிவிடக் கூடாது. பைபர் வந்து முடிவது அதில்தான், பலருக்கு வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதிலேயே ஓடுகின்றன. 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்கை எடுத்தவர்களுக்கும் விதி இதுவே: தலைமை ஒன்றுதான் இருக்கலாம்.

இந்தப் பத்து நிமிடப் பாடத்தை விற்பவரே சொல்லித் தர வேண்டும் என்பதே எனது கருத்து. அரிசி விற்கும் நாம் புதிதா பழையதா என்று சொல்லித்தான் விற்கிறோம். பெட்டியை விற்பவருக்கும் அந்தக் கடமை உண்டு. வாங்கும் நாமும் கேட்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற பெட்டியா, உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று விசாரியுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர மாட்டா.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். அங்கேயே மந்தமாக இருந்தால் குறை இணைப்பில். மெஷ் அதைக் கூட்டித் தராது. பக்கத்தில் நன்றாக இருந்து கல்லாவில் மட்டும் இல்லையென்றால்தான் மெஷ்ஷால் பயன். அப்போதும் சிறு கடைக்கு மூன்று பெட்டி தேவையில்லை. ரௌட்டரில் இருந்து கல்லா வரை ஒரு வயரும், அதன் நுனியில் ஒரு பெட்டியும் போதும். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். வயரில்லாமல் பெட்டிக்குப் பெட்டி அலையில் தாவும்போது, மலிவான வகைகளில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். வயர் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. கட்டடத்துக்கு வெளியே செம்பு வயரை இழுக்கவும் வேண்டாம், அது இடியைக் கடைக்குள் அழைத்து வரும்.

வாடிக்கையாளருக்கு ‘கெஸ்ட்’ வைபையைத் தனியாகக் கொடுங்கள். கொடுத்த பின் அதில் நுழைந்து, உங்கள் கமெராவோ பிரிண்டரோ தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். சில பெட்டிகள் அக்ஸஸ் பொயின்ட் மோட்டில் இரண்டையும் பிரிப்பதில்லை. கடன் கணக்கும் கார்ட் மெசினும் ஊர் மக்கள் நம்மிடம் தந்த அமானிதம்.

ரௌட்டருக்கும் பெட்டிக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள். 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டியதையும் மறக்கவில்லை. வெளி வயரே அறுந்தால் எந்த மெஷ்ஷும் உதவாது. ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் கடன் கொப்பியும் பேனாவும் இருக்கட்டும்.

அடுத்த சம்பள நாளுக்கு முன் ஒரு தடவை உங்கள் தொலைபேசியோடு வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். நாம் கல்லாவுக்கு உள்ளே நிற்பதால் அவருடைய கஷ்டம் நமக்குத் தெரிவதில்லை.