முதல் வரிக்குக் காத்திருப்பவர்களுக்கு



“கதை மனசுக்குள்ளயே ஓடுதுங்க. எழுத உக்காந்தா முதல் வரியே வர்றதில்லைங்க.” சோமனூரிலிருந்து வந்தாலும் சத்தியமங்கலத்திலிருந்து வந்தாலும், நமக்கு வரும் கடிதங்களில் இந்த வருத்தம் தவறாமல் இருக்கிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே கதை யோசிக்கிறவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு நோட்டைத் திறக்கிற அம்மணிக்கும் இந்தப் பக்கம்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கதையோடு வைத்து அனுப்பும் கடிதத்தில் உங்கள் அப்பாருவும் அமுச்சியும் கண்முன்னே நின்று பேசுகிறார்கள். கதைக்குள் நுழைந்ததும் அதே ஆட்கள் மேடைத் தமிழுக்கு மாறி விறைத்துப்போகிறார்கள். கதை என்றால் வேறெங்கோ, வேறு விதமாகப் பேசுகிறவர்களுக்கு நடப்பது என்ற எண்ணம்தான் முதல் வரியை மறித்து நிற்கிறது.

இந்தத் தயக்கத்தை நம் கொங்குப் பக்கத்தில் உடைத்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1917-இல் பிறந்தவர்; ‘நாகம்மாள்’ நாவல் 1942-இல் வெளிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். கணவனை இழந்த குடியானவப் பெண் ஒருத்தி, கணவன் வீட்டாரிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கதையின் முடிச்சு இவ்வளவே. இன்றும் நம் ஊர்ப் பத்திர ஆபீஸ் வாசலில் கேட்கிற வழக்குதான். அதை அந்த மனிதர்களின் பேச்சிலேயே எழுதினார். தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் கொண்டாடியது பின்னால் வந்த பெருமை. எழுத உட்கார்ந்தபோது அவர் கையில் இருந்தவை ஒரு குடும்பம், கொஞ்சம் காடுதோட்டம், ஒரு பெண்ணின் பிடிவாதம். 1977-இல் மறையும்வரை நாவல்கள் எழுதினார்; இந்தி வழியாக ‘பதேர் பாஞ்சாலி’ முதலான வங்க நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். சொந்தக் கதை நகராத நாட்களில் மொழிபெயர்ப்பு கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முயன்று பாருங்கள்.

முதல் வரி வந்த பிறகும் பொறுமை வேண்டும். கோவையின் ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்குமேல் எழுதியவர். எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்து மலைக்கிறோம். அவருடைய முதல் சிறுகதை அச்சேறியது 1960-களின் கடைசியில். முதல் நாவல் வந்தது 1980-இல். நடுவே கழிந்த பத்து வருஷத்துக்கும் மேலான அந்தக் காலம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எழுத்து தானாக நின்றுபோவது ஒன்று. நிறுத்தப்படுவது கொடுமை. திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன், தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் விலகாதிருந்த நேரத்தில் அவர் ஓர் ஆட்டின் கதையை எடுத்தார். அதுதான் ‘பூனாச்சி’. எதை எழுத முடியவில்லையோ அதன் வாசலிலேயே நின்றுகொண்டிராமல், எழுத முடிந்ததன் பக்கம் அவர் திரும்பியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அடுத்த இதழுக்குள் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள். தலைப்பு வேண்டாம், முடிவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாரோ இரண்டு பேர் போட்ட சண்டையை, அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். பெயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பதில் போடுகிறோமுங்க.

அன்புடன்,
ஆசிரியர்