நாடு வளர்ந்தால் நஞ்சு குறையுமா? மரப்பட்டை சொல்லும் பதில்

‘நாடு வளர்ந்தா சுற்றுச்சூழலும் தானா சுத்தமாயிடும்’ என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வண்டிப் புகை, சாக்கடை நீர் விஷயத்தில் அது ஓரளவு பலிக்கும். பல ஆண்டுகள் சிதையாமல் கிடக்கும் ரசாயனங்களிடம் பலிக்காது. சாட்சி, மரங்கள்.

மரத்துக்கு எப்படித் தெரியும்?

டிடிடி, எண்டோசல்ஃபான் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது. மெழுகிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். மெழுகு பூசிய இலையும் மரப்பட்டையும் காற்றில் வரும் இந்த நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் சைமோனிச், ஹைட்ஸ் இருவரும் உலகெங்கும் 90 இடங்களின் மரப்பட்டைகளைச் சோதித்து, 1995-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

என்ன தெரிந்தது?

எளிதில் ஆவியாகும் ஹெக்சாகுளோரோபென்சீன், காற்றோடு பயணித்துக் குளிர்ப் பிரதேச மரங்களில் சேர்ந்திருந்தது. எண்டோசல்ஃபான் போன்றவையோ பயன்படுத்திய வட்டாரத்திலேயே தங்கிவிட்டன.

இரண்டாவது ரகம் என்ன செய்யும் என்பதற்கு கேரளாவின் காசர்கோடு போதும். முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். வருமானம் தோட்டத்துக்கு, பாதிப்பு பக்கத்துக் கிராமங்களுக்கு. உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011-ல்தான்.

பணக்கார நாடுகள் தப்பித்தனவா?

இல்லை, நஞ்சின் பெயர்தான் மாறியது. அமெரிக்கா 1972-ல் டிடிடியைத் தடை செய்தது. அடுத்து சோபா ஃபோமிலும் டிவி பெட்டியிலும் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் ரசாயனங்கள் சேர்ந்தன. அவற்றில் சிலவும் 2009-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலுக்கு வந்தன. வயலில் இருந்த நஞ்சு வரவேற்பறைக்கு வந்தது, அவ்வளவுதான்.

இந்தியா எங்கே நிற்கிறது?

இரண்டு கட்டத்திலும் ஒரே நேரத்தில். விவசாயத்தில் டிடிடி 1989-ல் நிறுத்தப்பட்டாலும், மலேரியா ஒழிப்புக்குத் தொடர்ந்தது. இன்னொரு பக்கம், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் பழைய சர்க்யூட் போர்டுகளைத் திறந்தவெளியில் எரித்து உலோகம் எடுத்தார்கள். அந்தப் புகையில் டையாக்சினும் வரும்.

ஒரு ரசாயனம் சந்தைக்கு வருவதற்கும் தடையாவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. ஜிடிபி உயர்வதால் மட்டும் அந்த இடைவெளி சுருங்காது. விற்பனைக்கு முன்பே சோதிக்கச் சொல்லும் சட்டம் வேண்டும். உங்கள் பங்குக்கு, பழைய லேப்டாப்பைக் காயலான் கடையில் போடாமல் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். எங்கோ ஒரு மரம் அதைச் சுமக்காமல் தப்பிக்கும்.