கோல் போட்டது யார்? ருஜு எங்கே?

சென்ற மாதம் ஒரு தோழர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுத் திருமுக்கூடலுக்குப் போயிருந்தோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் வந்து கூடுகின்ற இடமாதலால் ஊருக்கு அந்தப் பேர். திருமணம் முடிந்து இலை போட நேரமிருக்கவே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்த நெசவாளர் வீட்டு வாலிபர் ஒருவர், கையில் கைப்பேசியோடும் முகத்தில் கோபத்தோடும் நம்மிடம் வந்தார்.

"ஐயா, புரட்டு புரட்டு என்று வாரம் தவறாமல் எழுதுகிறீர்களே, இந்தப் புரட்டை ஏன் எழுதுவதில்லை?" என்றார்.

சங்கதி இதுதான். விக்கிப்பீடியா என்பதாக ஒரு கலைக்களஞ்சியம் இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 2001-ல் ஆங்கிலத்திலும் 2003-ல் தமிழிலும் தொடங்கியது. சம்பளத்துக்கு எழுதும் பண்டிதர் அதில் கிடையாது. படித்தவர் படியாதவர், மேல்சாதி கீழ்சாதி என்ற பேச்சில்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நமது வாலிபர் தமக்குப் பிரியமான ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் பக்கத்தில் 9 கோல் என்றிருந்ததை 12 என்று திருத்தினாராம். ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் அதை மறுபடியும் 9 ஆக்கி, சான்று தேவை என்றும் குறிப்பு எழுதிவிட்டாராம். "மூன்று கோலையும் என் கண்ணால் பார்த்தேன் ஐயா! நான் பொய்யனா?" என்பதே அவருடைய ஆத்திரம்.

அவர் பொய்யர் அல்ல. ஆனால், அந்த மூன்று கோலும் எந்தப் பந்தயத்தில் என்று நாம் விசாரித்தபோது, இரண்டு கோப்பைப் பந்தயத்தில், ஒன்று நட்புப் பந்தயத்தில் என்றார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அக்களஞ்சியத்தில் ஆட்டக்காரர் படத்துக்குக் கீழே வரும் கட்டத்தில் லீக் பந்தயங்களின் கோலை மட்டுமே எண்ணுவது வழக்கம். கோப்பைப் பந்தயக் கோலுக்கு வேறு பட்டியல் உண்டு. எந்தத் தேதி வரைக்குமான கணக்கு என்பதையும் கூடவே குறிக்க வேண்டும். இது தெரியாமல் ஒருவர் கூட்டுவார், ஒருவர் கழிப்பார், இருவரும் ஒருவரையொருவர் அயோக்கியர் என்பார்கள்.

அந்தத் திருத்தக்காரர் இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். சான்று தேவை என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போவது, வாசற்படியில் நின்றவனை ஏன் என்று சொல்லாமல் வெளியே தள்ளுவதுபோல்தான். இது அவர் தவறு. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்றே சொல்லுவோம்.

அந்த வாலிபரையே நாம் கேட்டோம்: "தம்பி, உங்கள் வீட்டுக்குப் பாவும் ஊடையும் சரிகையும் எப்படி வருகின்றன?" "எடை போட்டுக் கொடுப்பார்கள்" என்றார். "புடவை எப்படித் திரும்புகிறது?" "அதையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள், புத்தகத்திலும் எழுதுவார்கள்" என்றார். முதலாளி தராசை மூலையில் வைத்துவிட்டு, 'எனக்குத் தெரியுமப்பா, சரிகை குறைகிறது' என்றால் கூலியை விட்டுக்கொடுப்பீர்களா என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

நிற்க, இந்தக் கோல் கணக்குச் சண்டை நம் ஊர்ப் பிள்ளைகளோடு நிற்பதல்ல. பிரேசில் நாட்டுப் பெலே போட்ட கோல்கள் 1,280-ஐ ஒட்டி என்பது உலகறிந்த பேச்சு. நட்புப் பந்தயம், ஊர் ஊராய்ப் போய் ஆடிய காட்சிப் பந்தயம், இராணுவ அணிக்காக ஆடியது இவைகளை நீக்கினால் அது 760-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. நம் நாட்டுப் பைச்சுங் பூட்டியா தேசிய அணிக்காகப் போட்ட கோல்கள் ஒரு கணக்கில் 40-ஐ எட்டுகின்றன. மற்றொரு கணக்கில் 30-க்குக் கீழேயே நிற்கின்றன. கோல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எந்தப் பந்தயத்தைத் தேசிய அணிப் பந்தயமாக எண்ணுவது என்பதில்தான் வித்தியாசம். எதை எண்ணினோம் என்று சொல்லாத எண், புராணத்திலே வருகின்ற அறுபதினாயிரம் வருஷத் தவத்துக்குச் சமம்.

இனி, நமக்கே கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயத்துக்கு வருவோம். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடி 2-க்கு 1 என்று தோற்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இதில் தகராறில்லை. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெரு நாட்டிடம் 3-க்கு 1 என்று தோற்றது. அதற்குப் பிறகு இன்று வரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவேயில்லை. ஆகவே அந்த ஒரு கோலே இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலாக நிற்கிறது. அதைப் போட்டது யார்?

தமிழ்நாட்டுச் சைமன் சுந்தரராஜ் என்று இந்தியப் பத்திரிகைகள் பலவும் எழுதி வந்திருக்கின்றன. இவர் சாமானியரல்லர். 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவரும் இவரே. ஆனால் ஒலிம்பிக் பந்தயப் புள்ளிவிவரப் பட்டியல்களைப் புரட்டினால், அதே கோலுக்கு நேரே துளசிதாஸ் பலராம் என்றிருக்கிறது. ஹங்கேரிக்கு எதிராகப் போட்டவரும் அவரே, பெருவுக்கு எதிராகப் போட்டவரும் அவரே என்று அவர் கணக்கில் இரண்டு கோல்.

இதைச் சொன்னவுடன் மரத்தடியில் இருந்த தோழர்கள் பலருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. "நம்மவர் பேரை எடுக்கச் சதி" என்று ஒருவர் சொல்லியும்விட்டார். செகந்திராபாத்தில் பிறந்த பலராமும் தமிழ்த் தாய் தந்தையருக்குப் பிறந்தவர்தாமே, அவர் மட்டும் நம்மவர் இல்லையா என்றோம். அவர் பதில் பேசவில்லை. நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கோலை ஒருவர் கணக்கில் எழுதலாமென்றால், எங்கள் முன்னோர் பிரம்மாவின் முகத்திலிருந்து வந்தார்கள் என்று எழுதி வைத்தவர்களை நாம் எந்த வாயால் கேட்பது?

பத்துப் பத்திரிகை எழுதியிருக்கிறதே என்பார்கள். பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதினால் சாட்சி ஒன்றுதான். இப்போது இதிலே வேறொரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது. களஞ்சியத்தில் ஒருவர் ஆதாரமின்றி ஓர் எண்ணை எழுதுகிறார். அவசரக்காரப் பத்திரிகை நிருபர் அதைப் பார்த்து எழுதுகிறார். பிறகு களஞ்சியக்காரர் அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டுகிறார். மாமியார் மருமகளுக்குச் சாட்சி, மருமகள் மாமியாருக்குச் சாட்சி! பட்டியல்களுக்கும் இதே நியாயம்தான். ஒரு பட்டியலைப் பார்த்து மற்றொரு பட்டியல் எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஒரே சாட்சிதான்.

ஆகையால் நம் அபிப்பிராயம் இது. களஞ்சியத்தில் இரண்டு பேரையும், இன்னார் இன்னார் இப்படிச் சொல்லுகிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுதி வைப்பதே யோக்கியமான காரியம். சுந்தரராஜுக்கு நியாயம் வேண்டுமென்று துடிக்கிறவர்கள் கைப்பேசியில் பேரை அழித்து எழுதுவதை விட்டுவிட்டு, சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய், 1960 செப்டம்பர் முதல் வாரத்துப் பழைய பத்திரிகைகள் இருந்தால் புரட்டிப் பார்க்கட்டும். பந்தயம் முடிந்த மறுநாள் எழுதியவனுக்கும், நாற்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதியவனுக்கும் வித்தியாசமில்லையா?

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஊர்க்காரர் ஒருவர் இதற்குப் பெரிய சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்று நம்மை வெங்கடேசப் பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனார். சாமி கும்பிட அல்ல, சுவரைப் பார்க்கத்தான் போனோம். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அது. அங்கே ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததையும் படுக்கை 15 என்பதையும், வைத்தியர் ஒருவர், அறுத்து வைத்தியம் செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என்பதையும், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்பதையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் இல்லாவிட்டால், இந்த மணற்கரையில் பதினைந்து படுக்கையோடு ஆஸ்பத்திரி இருந்தது என்று யாராவது சொன்னால் நாமே நம்பியிருக்க மாட்டோம். சுவருக்கு உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லும் கதைகளைவிடச் சுவரில் வெட்டியிருக்கும் நெல் கணக்கே நமக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் அதிலும் ஒன்றைக் கவனித்தோம். வைத்தியர் பேர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று முழுசாக இருக்கிறது. இராப்பகலாய் நோயாளிக்குப் பணிவிடை செய்த பெண்கள் 'இருவர்', அவ்வளவுதான். பேரில்லை. தண்ணீர் சுமந்தவனுக்கும் பேரில்லை.

கால்பந்துக் கணக்கிலும் இதேதான் நடக்கிறது. ஐரோப்பாவில் மூன்றாந்தர அணியில் பத்து நிமிஷம் ஆடியவனுக்கும் தேதி, நிமிஷம், எண் எல்லாம் அச்சில் இருக்கிறது. அதனால் அவன் களஞ்சியத்தில் ஏறுகிறான். பாலாற்று மணலில் ஆடிப் பழகி, வாலாஜாபாத்திலும் செங்கற்பட்டிலும் கோப்பை வாங்கி வந்தவனைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது. அச்சில் வராததை எழுதாதே என்பது களஞ்சியத்தின் விதி. அந்த விதி சரியானதே. ஆனால் அச்சுக்கூடம் யார் கையில் இருக்கிறதோ அவன் ஊர் ஆட்டக்காரனே ஆட்டக்காரன் என்று ஆகிவிடுகிறது. இதற்கு விதியைத் தளர்த்துவது பரிகாரமல்ல. நாம் எழுதி வைக்கத் தொடங்குவதுதான் பரிகாரம்.

எனவே காஞ்சிபுரம், வாலாஜாபாத் வட்டாரக் கால்பந்து சங்கத்துத் தோழர்களுக்கு ஒன்று தெரிவித்துக் கொள்ளுகிறோம். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் தேதி, இடம், இரு அணியிலும் ஆடியவர் பேர், கோல் போட்டவர், நிமிஷம் இவைகளை ஒரு தாளில் எழுதி, இரண்டு அணித் தலைவர்களும் நடுவரும் கையெழுத்திட்டு அனுப்பினால் நமது பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி இடம் ஒதுக்கத் தயாராயிருக்கிறோம். தோற்ற அணித் தலைவரின் கையெழுத்து அவசியம் இருக்க வேண்டும். 'நான் கண்ணால் பார்த்தேன்' என்று மட்டும் எழுதி வருகின்ற கடிதங்கள், பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்தாலும் சரி, குப்பைக் கூடைக்கே போகும்.