ஒரு தலை காணவில்லை!

அப்பாவுக்கு 75 முடிகிற சமயம். "விழா, கிழா எதுவும் வேண்டாம். மேளம் வேண்டவே வேண்டாம்" என்று ஒரு மாதம் முன்பே அறிக்கை விட்டுவிட்டார். அப்பா சொல்லும் 'வேண்டாம்' மூன்று தினுசு. எது நிஜமான வேண்டாம் என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'ஏதாவது பண்ணுடா' என்று கண்ணைக் காட்டினாள்.

யோசனை சொன்னது என் மனைவி. "ஏங்க, பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய போட்டோ கிடக்கே. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்லயே பக்கம் பக்கமா ஒட்டி, கீழே கதை எழுதி, ஒரு புத்தகமா அச்சடிச்சுக் கொடுத்தா என்ன? டிஜிட்டல் ஸ்க்ராப்புக்னு பேரு."

"ஸ்க்ராப்னா காயலான் கடைச் சரக்காச்சே?"

"உங்க குடும்பத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்."

ஸ்க்ராப்புக் ஒன்றும் நேற்று முளைத்த சமாசாரம் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-லேயே ஒரு ஸ்க்ராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும். தண்ணீர் தொட்டு ஒட்டினால் போதும், கையெல்லாம் பிசுபிசுக்காது. ஓர் எழுத்தாளர், ஓர் எழுத்துகூட இல்லாத வெற்றுப் புத்தகத்தை விற்றுக் காசு பார்த்திருக்கிறார். வாரா வாரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது.

பெட்டியை இறக்கினோம். மொத்தம் 312 படங்கள், இரண்டு பாச்சை, ஒரு செல்லாத ரேஷன் கார்டு.

கறுப்பு வெள்ளைப் படங்கள் கல்லு மாதிரி இருந்தன. அதெல்லாம் வெள்ளிச் சத்தில் பதிந்த படம், லேசில் போகாது. கலர்தான் மோசம். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டில் இருக்கிற சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளிறிவிடும், சிவப்பு மிஞ்சும். 1982-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண், புரோகிதர், சமையல்காரர் எல்லாருமே செம்பருத்திப் பூ நிறத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு வில்லன், ஒட்டும் ஆல்பம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடினால் ஒட்டிக்கொள்ளுமே, அது. ஒட்டியது ஒட்டியதுதான். வெடுக்கென்று பிடுங்கினால் படத்தின் முதுகுத் தோல் ஆல்பத்தோடு போய்விடும். பல் இடுக்கில் விட்டு இழுக்கிற நூல் மருந்துக் கடையில் கிடைக்கிறதல்லவா? மெழுகு பூசாததாக வாங்கி, படத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி மெள்ள மெள்ள இழுத்தால் வந்துவிடும். நான் 40 படங்களைக் காப்பாற்றினேன். என் பல் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்கேன் பண்ணும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்துக்கொண்டோம். அச்சுக்கு 300 போதும். ஆனால் பழைய படங்கள் பாதி தீப்பெட்டி சைஸ். பெரிசு பண்ணினால் தாத்தாவின் மீசை கலைந்துவிடக் கூடாது பாருங்கள்!

அடுத்தது அலங்காரம். இன்டர்நெட்டில் ரெடிமேடாக நிறையக் கிடைக்கிறது: பனி பொம்மை, மேப்பிள் இலை, ஹாலோவீன் பூசணிக்காய். அக்காவின் காதுகுத்துக்குப் பூசணிக்காயை வைத்துப் பார்த்தேன். திருஷ்டி கழித்த மாதிரி இருந்தது. மனைவிதான் அம்மாவின் கூறைப்புடவையை எடுத்து வந்து, அதன் கரையை ஸ்கேனரில் வைத்து மூடினாள். அதுவே பக்கத்துக்கு பார்டர் ஆயிற்று. அம்மாவின் கோல நோட்டு, தாத்தா போட்ட மளிகைக் கணக்கு, அந்த ரேஷன் கார்டு என்று எல்லாம் ஸ்கேனரில் ஏறி இறங்கின. புத்தகம் களை கட்ட ஆரம்பித்தது.

களை கட்டியது பார்டர்தான். உள்ளே இருப்பது யார்?

நான் பி.காம். ஜர்னல் என்ட்ரி போட்டால் கீழே ஒரு வரி நேரேஷன் எழுதவேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். பற்று, வரவு, தொகை எல்லாம் சரியாக இருந்தாலும், எதற்காக, யாருக்கு என்ற அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எங்கள் புரொபசர் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். "நாளைக்கு நீயே மறந்துடுவே, அப்புறம் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்குவாங்க" என்பார். எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தவை 312 என்ட்ரி. நேரேஷன் ஒன்பதுக்குத்தான் இருந்தது.

அதிலும் ஒரு படம் என்னை ஆட்டிவைத்துவிட்டது.

ஸ்டூடியோ படம். நடுவில் நாற்காலியில் அத்தை. வலது பக்கம் பெல்பாட்டத்தில் அப்பா. ஸ்டூல் மேல் யாரென்றே தெரியாத ஒரு குழந்தை. இடது பக்கம் சித்தப்பா நிற்கிறார் - தலை இல்லாமல்! கழுத்துக்கு மேலே பிளேடால் கச்சிதமாக ஒரு சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப்: 'மாயூரம்', பக்கத்தில் ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்தது 1972-ல். மாயூரம் மயிலாடுதுறை ஆனது 1982-ல். ஆகவே படம் அந்தப் பத்து வருஷத்துக்குள். இதுவரை துப்பறிந்துவிட்டேன். தலை எங்கே?

அப்பாவிடம் நைஸாகக் கேட்டேன். பேப்பரைத் தாழ்த்தாமலே பதில் வந்தது. "அவனேதான் வெட்டிக்கிட்டுப் போயிருக்கான். என்கூட ஒரே படத்துல நிக்கக்கூடப் பிடிக்கலை."

விஷயம் இதுதான். 2006-ல் மாயவரம் வீட்டைப் பங்கு பிரித்தார்கள். வீடு, கிணறு, தென்னை எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. கூடத்து ஊஞ்சல் பலகையில் வந்து முட்டிக்கொண்டது. ஊஞ்சலை இரண்டாகப் பிளந்தால் யாருக்கும் ஊஞ்சல் இல்லை என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. சாமான் கட்டும்போது இந்தப் படத்தைத் தலையில்லாமல் பார்த்திருக்கிறார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது.

2008-ல் அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பா வரத்தான் வந்தார். முகூர்த்தம் முடிந்ததும் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். "பார்த்தியா, பலகைக்காகச் சாப்பிடாமப் போறான்" என்றார் அப்பா. அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சரி, புத்தகத்தில் தலையில்லாத சித்தப்பாவைப் போட முடியுமா? ஏழாவது படிக்கும் என் பையன், "விடுப்பா, ஏ.ஐ. கிட்ட சொன்னா அதுவே ஒரு தலை வரைஞ்சுடும்" என்றான். வரைந்தும் விட்டது. சுருட்டை முடி, அரும்பு மீசை, சினிமாவில் இரண்டாவது ஹீரோ மாதிரி ஜம்மென்று இருந்தார். நானே கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து அத்தை வந்தாள். வயது 81. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. படத்தைக் காட்டினேன்.

"யாருடா இந்த மாப்பிள்ளை?"

"சித்தப்பா, அத்தை."

"என் தம்பி மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது எவனோ."

அசல் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அந்தச் சதுர ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடக் கண்றாவியே... இது நான் வெட்டினதுடா!"

கூடத்தில் பேப்பர் தாழ்ந்தது.

"1979. அவன் வடக்க பிலாய்ல வேலையில இருந்தான். சீர்காழியில ஒரு பொண்ணு, ஜாதகம் பொருந்திடுச்சு, பையன் போட்டோ வேணும்னாங்க. தரகர் வாசல்ல நிக்கறார், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறார். அவன் மூஞ்சி தெளிவா இருந்தது இந்த ஒரு படத்துலதான். தாத்தாவோட ஷேவிங் பிளேடை எடுத்தேன், வெட்டினேன், ஜாதகத்தோட வெச்சுக் கொடுத்தேன். அந்தப் பொண்ணுதான் உன் சித்தி!"

"அப்ப இந்தக் குழந்தை?"

"அது ஸ்டூடியோக்காரர் வீட்டுக் குழந்தை. மூணு பேரா நின்னு படம் எடுத்தா ஆகாதுன்னு அவரே தூக்கிட்டு வந்து ஸ்டூல்ல உக்கார வெச்சார்."

"இத்தனை வருஷமா ஏன் அத்தை சொல்லலை?"

"யாருடா கேட்டீங்க?"

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பேப்பர் மறுபடி முகத்தை மூடியிருந்தது. ஆனால் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சித்திக்குப் போன் போட்டேன். "அந்தப் போட்டோவா? ஜாதக நோட்டுக்குள்ள பத்திரமா இருக்கே" என்றாள். பெரிய கூட்டுப் படத்திலிருந்து வெட்டியது என்று அவளுக்கே தெரியாது. பெண் வீட்டுக்குப் படம் போனது சித்தப்பாவுக்குத் தெரியும். எந்தப் படம் என்று அவரும் கேட்டதில்லை. போன் கை மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"உங்க அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி சொந்தக்காரன் ஒருத்தன் வந்து சொன்னான், 'உங்க அண்ணன் ஆல்பத்துல உங்க தலையை வெட்டி எடுத்துட்டாரு, நானே பார்த்தேன்'னு." மறுபடி ஃபேன் சத்தம். "அண்ணன் வெட்டலையா?"

"இல்லை சித்தப்பா. அத்தை."

"ம்."

வைத்துவிட்டார்.

அண்ணன் வெட்டியதாகத் தம்பி நினைத்திருக்கிறார். தம்பி வெட்டியதாக அண்ணன். வெட்டிய கை கும்பகோணத்தில் நிம்மதியாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது. சேர்த்து வைக்க வெட்டியதைப் பிரித்து வைக்க வெட்டியதாக இரண்டு வீட்டிலும் படித்திருக்கிறார்கள். எங்கள் புரொபசர் சொன்னது இதைத்தான். நேரேஷன் இல்லாத என்ட்ரி. ஆளாளுக்கு ஓர் அர்த்தம்.

சித்தப்பா பெண் அந்தத் தலையை 600 புள்ளியில் ஸ்கேன் செய்து அனுப்பினாள். பையன் அதைப் பிடித்து இழுத்து ஓட்டையில் பொருத்தினான். பின்னால் தொங்கும் ஸ்டூடியோ திரையின் மடிப்புகள் கோட்டுக்குக் கோடு ஒட்டிக்கொண்டன. தலைக்கு மட்டும் பழுப்பு கொஞ்சம் குறைவு. ஜாதக நோட்டில் வெளிச்சம் படாமல் இருந்ததல்லவா!

"வெட்டின தழும்பு தெரியுதுப்பா. மறைச்சுடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். நான் சொன்ன அந்த வேண்டாம், நிஜமான வேண்டாம்.

கீழே இப்படி எழுதினோம்: 'அத்தை, அப்பா, சித்தப்பா, ஸ்டூடியோ வீட்டுக் குழந்தை. மாயூரம், 1978. சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க 1979-ல் அத்தை பிளேடால் வெட்டியது.' வருஷம் அப்பா சொன்னது.

விழா அன்று பத்தரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சித்தி இறங்கினாள். பின்னாலேயே சித்தப்பா. யாரையும் பார்க்காமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. என் மனைவி சமயோசிதமாகப் புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு எழுதினது இது? 78 இல்லை. 77."

முன் வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "78-தான். புயலுக்கு அப்புறம் வந்த பொங்கலுக்கு எடுத்தது."

"புயல் 77 நவம்பர்ல. படம் புயலுக்கு முன்னாடி, தீபாவளிக்கு எடுத்தது. இந்தச் சட்டை தீபாவளிச் சட்டைண்ணே!"

"உனக்கு என்னடா தெரியும்? சட்டையைத் தெச்சுக் கொடுத்தவனே நான்!"

இப்படிப் பன்னிரண்டு மணி வரை போயிற்று. அம்மா சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. இலை போட்டார்கள். அண்ணனும் தம்பியும் சண்டையை நிறுத்தாமலே பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை சித்தப்பா கை நனைத்தார். பாயசம் இரண்டு தடவை.

உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ஸ்கேனர் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். முதலில் வீட்டிலேயே வயதானவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும். கம்ப்யூட்டரில் ஏற்றியதை மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எங்கள் மூன்றாவது பிரதி சித்தப்பா வீட்டில் இருக்கிறது.

புத்தகம் இரண்டாம் பதிப்புக்கும் போய்விட்டது. ஐந்து பிரதி. அதில் ஒரே ஒரு திருத்தம்: 'மாயூரம், 1977 - சித்தப்பா சொல்வது. 1978 - அப்பா சொல்வது.'

அத்தையைக் கேட்டேன், எது சரி என்று.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "சொல்ல மாட்டேன். சண்டை போட அவங்களுக்கு ஏதாவது வேணாமா?"