பன்னிரண்டு வயதுக்காரியும் வேதத்தில் இருக்கிறாள்

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் டீ குடிக்கும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஏழாவது எட்டாவது வரைக்கும் பிள்ளைங்க ஒழுங்கா சண்டே ஸ்கூலுக்கு வருதுங்க. அப்புறம் காணாமப் போயிடுதுங்க. எல்லாம் செல்போன் பண்ற வேலை. வசனத்தை நல்லா மனப்பாடம் பண்ண வெச்சா போதும், தானா சரியாயிடும்." சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்ற வேறுபாடில்லாமல் பெரியவர்கள் இதைச் சொல்கிறார்கள். கவலை உண்மையானது. கவலையிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

அந்தப் பேச்சுக்குள் பல நம்பிக்கைகள் சேர்ந்து கிடக்கின்றன. வேதாகமம் பெரியவர்களுக்கான நூல், வளரும் பிள்ளையின் பாடு அதில் இல்லை. உடம்பைப் பற்றிச் சபையில் பேசக்கூடாது. கேள்வி கேட்டால் விசுவாசம் ஆட்டம் காணும். மனப்பாடமே போதும். குற்றம் பிள்ளையிடமும் அதன் கையிலிருக்கும் போனிடமும்தான். வேதாகமத்தையே எடுத்து வைத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் நிற்காது.

முதல் நம்பிக்கைக்குப் பதில் சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. யோசேப்பின் கதை தொடங்கும்போது அவனுக்கு வயது பதினேழு என்று ஆதியாகமமே சொல்கிறது. அப்பாவின் ஓரவஞ்சனை, அண்ணன்மாரின் பொறாமை, அவர்களிடமே தன் கனவை அளந்துவிடும் அவனுடைய விடலைத்தனம் எல்லாம் அதில் இருக்கின்றன. யோசியா எட்டு வயதில் ராஜாவானான்; தேவனைத் தேடத் தொடங்கியது ஆட்சியின் எட்டாம் வருஷத்தில், அதாவது பதினாறு வயதில். எஸ்தர் பெற்றோரை இழந்து, உறவுமுறை அண்ணனிடம் வளர்ந்தவள். தளபதி நாகமான் வீட்டில் வேலை செய்த சிறுமியோ போரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவள், பெயர்கூட எழுதப்படவில்லை; அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அந்தத் தளபதியின் தொழுநோய் நீங்க வழி பிறந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் இயங்கிவரும் வட்டாரம் இது. அந்தச் சிறுமியின் கதையை நடத்திவிட்டு, அந்த நோயால் ஒதுக்கப்பட்டவர்கள் பட்ட பாட்டையும் பேசினால், வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராத பிள்ளையின் வலி தானாக உரையாடலுக்குள் வரும்.

ஐத்திகுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பிரசங்கம் பண்ணியபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்த வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவனை யாரும் திட்டியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. பவுல் பேச்சை விட்டுவிட்டு இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொண்டார். கடைசி வரிசையில் தலை சாய்ந்து தூங்கும் பத்தாம் வகுப்புப் பையனைப் பார்த்து முகம் சுளிக்கும் மூப்பர்கள் இந்தப் பகுதியை மறுபடி வாசிக்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. சபைகள் அதிகம் தயங்குவது இங்கேதான். வேதம் கொஞ்சமும் தயங்காததும் இங்கேதான்.

மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள்; அவளுக்கு வயது பன்னிரண்டு. இயேசு அந்த வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவருடைய உடையைத் தொடுகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு. சிறுமி பிறந்த காலத்தில் இவளுக்கு நோய் தொடங்கியிருக்கிறது. வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் கரைத்துவிட்டாள். லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரத்தின்படி அவள் தீட்டு, அவள் தொட்டவர்களும் தீட்டு. இயேசு விலகவில்லை. அத்தனை பேர் நடுவிலும் அவளை நிறுத்தி, அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, மகள் என்று உறவு சொல்லி அனுப்பினார். பிறகு யவீருவின் வீட்டுக்குப் போய், அங்கே கூடியிருந்தவர்களை வெளியேற்றினார். தாய், தகப்பன், மூன்று சீஷர்கள் மட்டும் இருக்க, சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் சொன்னார்.

இனி நம் ஊரைப் பாருங்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் வாசலில் பந்தல், தாய்மாமன் சீர், முச்சந்தியில் அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ். பல கிறிஸ்தவ வீடுகளிலும் ஜெபத்தோடும் பிரியாணியோடும் இதே சடங்கு நடக்கிறது. தெருவுக்கே செய்தி போய்விடுகிறது. அவளோடு தனியாக உட்கார்ந்து, "வலிக்குதாம்மா, பயமா இருக்கா, இது ஏன் வருதுன்னு தெரியுமா" என்று கேட்பவர் மட்டும் பெரும்பாலும் இல்லை. இயேசு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையைக் கவனித்தார். நாம் கூட்டத்தைக் கூட்டிவிட்டுப் பிள்ளையை விட்டுவிடுகிறோம். அந்தப் பெண் லேவியராகமத்தைத் தானாகவே ஒருநாள் வாசிப்பாள். தீட்டு என்ற சொல்லில் அவள் நின்றுவிடாமல் மாற்கு ஐந்து வரை கூடவே வருவதற்கு சண்டே ஸ்கூல் அக்காவோ ஆயரம்மாவோ வேண்டும். குரல் உடைந்து, பரு முளைத்து, தன் உடம்பையே சந்தேகமாகப் பார்க்கும் பையனுக்கும் அதேபோல ஓர் அண்ணன் வேண்டும்.

"இதையெல்லாம் பேசினா பிள்ளைங்க கெட்டுடுவாங்க" என்பது வழக்கமான பதில். பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரம் காட்டுகிறது. தாவீதின் மகள் தாமாரை வேறு தாய்க்குப் பிறந்த அவளுடைய அண்ணன் அம்னோன் பலவந்தப்படுத்தினான். அவள் எதிர்த்துப் பேசினாள், காரணம் சொன்னாள், பலிக்கவில்லை. பிறகு உடையைக் கிழித்துக்கொண்டு அழுதபடி தெருவில் போனாள். கூடப்பிறந்த அப்சலோமோ அவளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னான். தாவீது ராஜாவுக்குக் கோபம் மட்டும் வந்தது. அந்த மௌனம் பிறகு கொலையாகவும் கலகமாகவும் வெடித்து ராஜ்யத்தையே உலுக்கியது. இந்த அதிகாரம் பிரசங்க மேடைக்கு வருவது மிக அரிது. குடும்ப மானம் என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைப்பதை வேதம் எங்கும் மெச்சவில்லை. இந்தியச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம். அது சபைக்கும் பொருந்தும், போதகருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, கேள்வி பற்றிய பயம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலையில் இறங்கலாம். கி.பி. 72இல் தோமா அங்கே உயிர் நீத்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மற்ற சீஷர்கள் எல்லாரும் பார்த்ததாகச் சொன்ன பிறகும், தானே காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர் அவர். இயேசு அவரைத் துரத்தவில்லை, கையை நீட்டச் சொன்னார். கேள்வி கேட்ட அந்த மனிதரைத் தன் அப்போஸ்தலர் என்று கொண்டாடும் வட்டாரத்தில், கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்குவது எப்படிச் சரியாகும்? பன்னிரண்டு வயது இயேசுவையும் பெற்றோர் மூன்று நாள் தேடி எருசலேம் ஆலயத்தில்தான் கண்டார்கள். போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். சங்கீதம் 88 தொடக்கம் முதல் முடிவு வரை புலம்பல். ஆறுதல் வரியோடு முடிக்கக்கூட இல்லை. அதையும் சேர்த்துத்தான் வேதம் என்கிறோம்.

கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு. பஞ்சாபில் பிறந்த சுந்தர் சிங் பதினான்கு வயதில் தாயை இழந்தான். துக்கமும் ஆத்திரமுமாகச் சுவிசேஷப் புத்தகத்தைக் கிழித்து எரித்தான். உயிரையே விட்டுவிடும் அளவுக்கு மனம் கலங்கியிருந்த அந்தப் பையனின் வாழ்க்கை 1904 டிசம்பரில் திரும்பியது. 1905 செப்டம்பர் 3இல், தன் பதினாறாவது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றான். 1918இல் சாது சுந்தர் சிங்காகத் தென்னிந்தியாவுக்கு வந்தபோது மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள். இன்றும் தமிழ்ச் சபைகளில் அவரைப் பற்றிப் பேசாத வருஷம் இல்லை. ஆனால் தாயை இழந்து வேதத்தின்மேல் கோபப்படும் பதினைந்து வயதுப் பிள்ளை இன்று தங்கள் சபையில் எழுந்தால் அதற்கு இடம் கொடுப்பார்களா என்பதை அந்தச் சபைகள்தான் யோசிக்க வேண்டும்.

அறிவியல் வகுப்பில் படித்ததைக் கொண்டுவந்து கேட்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே முன்னோடி இருக்கிறார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகத்தை, இன்னும் சிறுவனாக இருக்கும்போதே, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் தஞ்சைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில் இயேசுவின் கதையோடு புதிய வானவியலும் பூகோளமும் சேர்ந்தே வருகின்றன. குறவஞ்சி என்ற நாட்டு வடிவமும் ஐரோப்பிய அறிவியலும் வேதமும் ஒரே நூலில் சண்டையில்லாமல் குடியிருந்தன. தாம்பரத்திலும் அந்தத் துணிவு வெளிப்பட்டிருக்கிறது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அங்கே இடம் மாறியது. மறுவருஷம் டிசம்பரில் அதன் வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மாநாட்டை ஒட்டி, செஞ்சையா, சக்கரை போன்ற சென்னைச் சபை விசுவாசிகள் இந்தியக் கிறிஸ்தவத்தையே மறுபடி யோசிக்கச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அவர்கள் கேள்வியால் சபை இடிந்துவிடவில்லை.

மனப்பாடத்துக்கு வருவோம். அதை ஒதுக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. சிறுவயதில் படித்த சங்கீதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாவில் வந்தது என்று சொல்லும் முதியவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். வசனத்தை அதன் கதையிலிருந்து பிரித்துக் கொடுப்பதில்தான் சிக்கல். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வாக்குத்தத்த அட்டையாகத் தொங்குவது; பொதுத் தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது. நல்ல எதிர்காலம் தருவேன் என்ற அந்த உறுதி பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதற்கும் முன்னால், போன ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது. இது தெரியாத பிள்ளை, மார்க் குறைந்தால் தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று நினைக்கும். முழுக் கடிதமும் தெரிந்த பிள்ளைக்கு, தோல்வியின் நடுவில் எழுதப்பட்ட வசனம் அது என்று புரியும்.

அந்தக் கடிதம் இந்த வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, ஒரகடம் சாலையிலும் மறைமலை நகரிலும் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் ஷிஃப்ட் பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. அப்பாவின் வேலை போன வீட்டில் வளர்வது எப்படி என்று அறிந்த பிள்ளைகள் இங்கே உண்டு. பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்க, அவர் பேரிலேயே அமைந்த சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், இந்து நண்பர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளரும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு, கல்தேயரின் மொழியும் இலக்கியமும் மூன்று வருஷம் படித்துத் தன் நம்பிக்கையையும் விடாத தானியேலைவிட நெருங்கிய நண்பன் யார்? தானியேல் பக்கத்துவீட்டுக்காரனை இழிவாகப் பேசவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று யோசித்து முடிவெடுத்தான். மனப்பாட வசனம் மட்டும் இதைக் கற்றுத் தராது.

கடைசி நம்பிக்கை, குற்றம் பிள்ளையிடமும் போனிடமும்தான் என்பது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரேக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரமெல்லாம் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுக்கத்தான். பிள்ளையின் வாழ்க்கையைப் பார்த்து அதற்கேற்ப பாடம் அமைத்த ஏற்பாடு அது. அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டுச் செல்போனைக் குறை சொல்வதில் நியாயம் குறைவு. செல்போன் நேரத்தைத் தின்கிறது என்பது மெய். ஞாயிறு காலையில் நீட் கோச்சிங்குக்கு அனுப்புவது யார் என்ற கேள்விக்கும் பெற்றோரே பதில் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் பல சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. பெரும்பாலும் அதே வாரங்களில்தான் பொதுத் தேர்வு முடிவுகளும் வருகின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகள் அங்கே டீச்சர்களாகவும் உதவியாளர்களாகவும் ஓடியாடி வேலை செய்கிறார்கள்: சார்ட் ஒட்டுவது, ஆக்‌ஷன் சாங் சொல்லித் தருவது, பிஸ்கெட் பாக்கெட் கொடுப்பது. சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் இவர்களை அரைமணி நேரம் உட்கார வைத்து முதலாம் இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரத்தை முழுசாக வாசிக்கலாம். நாடே அறிந்த தீர்க்கதரிசி எலியா, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவன் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், பிறகுதான் பேசினார். கடைசியில் கூட நடக்க எலிசாவைத் தந்தார். அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, மார்க் பட்டியலைப் பற்றிப் பிள்ளைகளே பேசட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். யாராவது ஒரு பிள்ளையின் பேச்சில் வாழ்வே வெறுத்ததுபோல் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் பெற்றோரையும் மருத்துவரையும் அழைக்க வேண்டும். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டு எண்களையும் ஹாலின் நோட்டீஸ் போர்டில், வசனப் போட்டி அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம்.