வெறுங் கவசமும் வீர தர்மமும்

“சாமுராய்கள் மானத்திற்காக வயிற்றைக் கிழித்துக் கொண்டு சாகும் உத்தம வீரர்கள்” என்று பலர் இன்றும் மெச்சிப் பேசுகிறார்கள். அந்த மானத்தால் லாபமடைந்தவர்கள் யார் என்று மாத்திரம் கேட்பவர்கள் சிலரே. ஜப்பானியரான மசாகி கோபயாஷி 1962-ல் எடுத்த “ஹரகிரி” என்னும் சினிமா அதைத்தான் கேட்கிறது.

கதை நடப்பது 1630-ல். டோக்குகாவா வம்சத்தார், தங்களுக்கு எதிராக ஒருவரும் தலையெடுக்காதபடி பிரபுக்களின் நாடுகளைப் பிடுங்கி வந்த காலம். ஹிரோஷிமா பிரபு புக்குஷிமா, உத்தரவில்லாமல் கோட்டையைப் பழுது பார்த்ததற்காக 1619-ல் அந்நாட்டை இழந்தார். அவரை நம்பியிருந்த சாமுராய்கள் சோற்றுக்கு வழியின்றித் தெருவில் நின்றார்கள்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவனான மோட்டோமே, குழந்தைக்கு வைத்தியம் பார்க்கக் காசில்லாமல், ஈயி பிரபுவின் மாளிகைக்குப் போய், “இங்கே வயிற்றைக் கிழித்துக் கொள்ள இடம் கொடுங்கள்” என்கிறான். இரங்கி ஏதாவது கொடுப்பார்கள் என்பது அவன் எண்ணம். அவர்களோ, “சொன்னபடி செய்” என்கிறார்கள். அவகாசம் கேட்டான், கொடுக்கவில்லை. குடும்பத்திற்காகக் கத்தியை விற்றுவிட்டு அவன் செருகியிருந்த மூங்கில் கத்தியாலேயே அவனைச் சாக வைத்தார்கள். இதற்குப் பெயர் வீர தர்மமாம்!

நிற்க, அந்தத் தர்மத்தை அவர்களாவது அனுசரித்தார்களா? மோட்டோமேயின் மாமனார் ஹன்ஷிரோ, அவனைக் கொல்ல முன்னின்ற மூவரின் குடுமியையும் அறுத்து விடுகிறார். குடுமி போனால் உயிரை விடவேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். ஆனால் மூவரும் “உடம்பு சரியில்லை” என்று வீட்டுக்குள் பதுங்கிக் கொண்டார்கள்! பட்டினிக்காரனுக்கு ஒரு நியாயம், சம்பளக்காரனுக்கு ஒரு நியாயமா?

மருமகன் கத்தியை விற்றான் என்று தெரிந்தபோது ஹன்ஷிரோ அவனைக் கோபிக்கவில்லை. “எனக்கு இந்தப் புத்தி வரவில்லையே” என்று தன்னையே நொந்து அழுகிறார். பெண்டு பிள்ளைகளின் உயிரைவிட ஒரு இரும்புத் துண்டு பெரிதல்லவென்று உணர்ந்தானே, அவனல்லவோ மானமுள்ள மனிதன்!

அம்மாளிகையில் முன்னோர் கவசம் ஒன்றைப் பீடத்தில் வைத்துப் பூசிக்கிறார்கள். ஹன்ஷிரோ அதைத் தூக்கி எறிகிறார். உள்ளே ஒன்றுமில்லை. கத்தியின் பெருமை பேசியவர்கள் கடைசியில் அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு கவசத்தைத் துடைத்துப் பழையபடி உட்கார வைத்து, தங்கள் பக்கம் செத்தவர்களெல்லாம் நோயால் இறந்ததாகத் தினசரிக் குறிப்பில் எழுதிக் கொண்டார்கள். சரித்திரம் ஆயிற்று!

1876-ல் பொது ஜனங்கள் கத்தி கட்டுவதை ஜப்பான் சர்க்கார் தடுத்தது. கத்தி போயிற்றே தவிர புத்தி போகவில்லை. 1944-ல் இளைஞர்களை விமானத்தோடு கப்பல்மேல் மோதிச் சாக அனுப்பியபோதும் இதே வீர தர்மந்தான் ஓதப்பட்டது. கோபயாஷியும் அந்த யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவர். பதவி உயர்வு வேண்டாமென்று மறுத்தவர்.

ஆகவே, மானத்திற்காகச் சாகும்படி எவனாவது உபதேசித்தால், சொல்லுகிறவன் சாப்பிட்டு விட்டானா, கேட்கிறவன் சாப்பிட்டானா என்பதை முதலில் பாருங்கள்.